கபாலம் தின்றது போக மிச்சம்

'சோம்பேறி' என்ற வார்த்தையைக் கடைசியாக யாரைப் பார்த்துச் சொன்னீர்கள்?

மகனா, மச்சானா, ஆபீஸில் பக்கத்து சீட்காரரா? யாராகவும் இருக்கட்டும். அந்த வார்த்தையை நாம் ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 'அவனுக்குச் செய்ய முடியும், ஆனால் வேண்டுமென்றே செய்யவில்லை' என்பது அதன் முழு அர்த்தம். அதாவது, அது ஒரு தீர்ப்பு. சாட்சி விசாரணை எதுவும் இல்லாமல் வீட்டுக் கூடத்திலேயே நாம் எழுதிவிடுகிற தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்க்க, உங்களை மேல்மலையனூருக்கு அழைத்துப்போகிறேன். வாருங்கள்.

செஞ்சிக்கு வடக்கே இருக்கிற ஊர். மற்ற நாட்களில் சாதாரண கிராமம்தான். அமாவாசை வந்துவிட்டால் கதையே வேறு. சென்னை, வேலூர், புதுச்சேரி என்று நாலா பக்கமும் இருந்து ஸ்பெஷல் பஸ்கள் வந்து நிற்கும். நள்ளிரவில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். எலுமிச்சம்பழமும் கற்பூரமும் மணக்கும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே சில குடும்பங்களைப் பார்க்கலாம். ஒரு பையனையோ பெண்ணையோ இரண்டு பேர் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். 'காத்து கருப்பு பட்டிருக்கு', 'யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க' என்று காரணம் சொல்வார்கள். அந்தப் பிள்ளை யாரும் இல்லாத திசையைப் பார்த்துப் பேசும். திடீரென்று கத்தும்.

அதில் எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு இருப்பது மனச்சிதைவு நோய். டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரீனியா என்பார்கள். 'அந்நியன்' படம் பார்த்த தோஷத்தில், ஓர் ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பதுதான் இது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வேறு, இது வேறு. இதில் காதில் குரல் கேட்கும். 'பக்கத்து வீட்டுக்காரர் என் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்' என்பது போன்ற சந்தேகம் அசைக்க முடியாத நம்பிக்கையாகிவிடும். உலகம் முழுக்க 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

குரல், சந்தேகம், கத்தல்... இந்தச் சத்தமான பகுதி எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்கும் தெரியும், சினிமாவுக்கும் தெரியும். நான் பேச வந்தது சத்தமில்லாத பகுதியைப் பற்றி.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வளத்தி பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தாறு வயதுப் பையன். அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்கும் போனார்கள், யாரோ சொல்லி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் போனார்கள். மாத்திரை வேலை செய்தது. ஆறு மாதத்தில் குரல்கள் அடங்கிவிட்டன. கத்தல் இல்லை, சந்தேகம் இல்லை. 'அம்மா காப்பாத்திட்டா' என்று பொங்கல் வைத்தாகிவிட்டது.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில்தான் நம் கதை ஆரம்பிக்கிறது.

"கண்ணு, கடைக்குப் போயி அரைக் கிலோ துவரம்பருப்பு, நூறு கடுகு வாங்கிக்கோ. வர வழியில ரேஷன்ல பாமாயில் வந்துச்சான்னு பாரு. அப்படியே அக்கா வூட்ல அந்தத் தூக்குவாளியை வாங்கியாந்துடு."

பையன் போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்தான். கையில் ஒரு சோப்பு.

"ஏண்டா, இன்னா சொன்னேன், இன்னா வாங்கியாந்திருக்க?"

பதில் இல்லை. திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா வயலிலிருந்து வருகிறார். "வியாதி வியாதின்னு சொல்லியே இவன் ருசி கண்டுட்டான். எல்லாம் திமிரு. குந்தவெச்சு சோறு போட்டா எவன்தான் வேலை செய்வான்?"

சோம்பேறி. தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இப்போது சாட்சி விசாரணைக்கு வருவோம். ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின் நூறு வருடங்களுக்கு முன்பே இந்த நோயில் கவனமும் யோசிக்கும் திறனும் குறைவதைக் கண்டு, சின்ன வயதிலேயே வருகிற அறிவு மழுக்கம் என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயர் தப்பு, எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை என்று 1908-ல் ஸ்விட்சர்லாந்தின் யூஜென் ப்ளாய்லர் 'ஸ்கிசோஃப்ரீனியா' என்று மாற்றினார். 1952-ல் பாரிஸில் குளோர்ப்ரோமஸின் மருந்து வந்தது. குரல்கள் அடங்க ஆரம்பித்தன. அடங்கிய பிறகுதான் உலகம் ஒன்றைக் கவனித்தது. குரல் போய்விட்டது, ஆனால் ஆள் பழையபடி வேலைக்குப் போக முடியவில்லை. ஏன்?

கவனம், வேகம், கேட்டதை மனதில் நிறுத்தி வைப்பது, திட்டமிடுவது, எதிராளி முகத்தைப் படிப்பது. இவையெல்லாம் பலருக்குக் குறைந்திருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. சிலருக்குத் தெரியவே தெரியாது, சிலருக்கு ரொம்ப. பலருக்குக் குரல் கேட்பதற்கு முன்பே, பள்ளிக்கூட நாட்களிலேயே இது தொடங்கிவிடுகிறது. ஒருவர் வேலையில் நிற்பாரா, தனியாக வாழ்வாரா என்பதைக் குரல்களை விட இந்தத் திறன்கள்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்று 1996-ல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கிரீன் தொகுத்துக் காட்டினார். அதற்கப்புறம் வந்த ஆய்வுகளும் அதையேதான் சொல்கின்றன.

நான் பி.காம். படித்தவன். மூளையைப் பற்றி எனக்குப் புரிகிற பாஷை ஒன்றுதான். கடை பாஷை.

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குடோனில் லட்ச ரூபாய் சரக்கு இருக்கிறது. ஆனால் கல்லாவில் சில்லறை இல்லை. வியாபாரம் நடக்குமா? நூறு ரூபாயை நீட்டுகிற முதல் ஆளிடமே கடை நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர், 'கடைக்காரருக்கு வியாபாரம் செய்ய இஷ்டமில்லை போல' என்று போய்விடுவார். இந்தப் பையனுக்கும் அதுதான். சரக்கு இருக்கிறது. ப்ளஸ் டூவில் படித்த கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கும். பத்து வருடத்துக்கு முன்பு பார்த்த கிரிக்கெட் மேட்ச் ஸ்கோர் சொல்வான். ஆனால், 'பருப்பு, கடுகு, பாமாயில், தூக்குவாளி' என்ற நாலு விஷயத்தை ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கிற சில்லறை இல்லை. தெருவில் ஒரு பைக் ஹாரன் அடித்தது. இருந்த சில்லறையும் சிதறிப்போனது.

அந்தச் சோப்பை அவன் ஏன் வாங்கினான் தெரியுமா? கடைக்காரர் "இன்னாப்பா வோணும்?" என்று கேட்டார். பின்னால் நாலு பேர் நின்றார்கள். எதையாவது சொல்லியாக வேண்டும். கண்ணெதிரே சோப்பு இருந்தது. அவமானத்திலிருந்து தப்பிக்க அவன் கொடுத்த விலை அந்தச் சோப்பு.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'செய்ய வேண்டும்' என்று ஒருவரைச் சொல்வதானால், 'அவரால் செய்ய முடியும்' என்பது முதலில் உண்மையாக இருக்க வேண்டும். இது தத்துவவாதி காண்ட் பெயரில் சொல்லப்படுகிற கொள்கை. காண்ட் எதற்கு? காலொடிந்தவனை ஓடச் சொல்லக் கூடாது என்பது நம் பாட்டிக்கும் தெரியும். ஆனால் காலொடிந்தவனுக்கு மாவுக்கட்டு இருக்கிறது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. இந்தப் பையனுக்கு என்ன இருக்கிறது? கை கால் நன்றாக இருக்கிறது. மூன்று வேளை சாப்பிடுகிறான். போதாததற்கு, நேற்று இதே வேலையைச் சரியாகச் செய்தான்! அதுதான் அப்பாவுக்குக் கோபம். "நேத்து முடிஞ்சது இன்னிக்கு ஏன் முடியல?"

நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. சில்லறை தினமும் ஒரே அளவு இருக்காது. தூக்கம் கெட்டால் குறையும். மாத்திரை மந்தத்தில் குறையும். கூட்டத்தில் குறையும். யாராவது திட்டினால் சட்டென்று குறையும். நேற்று முடிந்தது என்பதால் இன்றும் முடியும் என்று இந்த வியாதியில் சொல்ல முடியாது.

"அப்போ எல்லாமே வியாதிதான், பாவம், விட்டுடலாம்னு சொல்றீங்களா சார்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

ஒரு நிமிஷம். அதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் சுப்ரீம் கோர்ட் தலையிட்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகவே தடை போட்டது. அதோடு முடிந்ததா என்றால்... ம்ஹூம். 2023 பிப்ரவரியில், இதே விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அனுமதியில்லாமல் நடந்த ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியிருந்தது.

இரும்புச் சங்கிலி நம் கண்ணுக்குத் தெரியும். 'பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது' என்பதும் ஒரு சங்கிலிதான். அது வீட்டுக்குள் இருப்பதால் தெரிவதில்லை. அவனைக் கேட்காமலே அவன் சட்டையை எடுக்கிறோம். அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றி மூன்றாம் ஆளாகப் பேசுகிறோம். 'கல்யாணம் பண்ணா சரியாயிடும்' என்று முடிவு செய்கிறோம். அவன் பங்கு நிலத்தில் அவன் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறோம். சோம்பேறி என்று திட்டினாலாவது, 'நீ ஒரு மனுஷன், உன்னால் முடியும்' என்ற நினைப்பு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. 'பாவம்' என்ற சொல்லில் அதுகூட இல்லை.

ஆக, இரண்டு பக்கமும் பள்ளம். 'முடியும்' என்று நினைத்தால் கொடுமை செய்கிறோம். 'முடியாது' என்று நினைத்தால் ஆளையே இல்லாமல் ஆக்குகிறோம். நடுவில் வழி இருக்கிறதா?

இருக்கிறது. முடியவில்லையா, மாட்டேன் என்கிறானா என்று கண்டுபிடிக்க ஒரு தெர்மாமீட்டர் உண்டு. வேலையைக் கொடுக்கிற விதத்தை மாற்றிப் பாருங்கள்.

நாலு விஷயத்தை வாயால் சொல்லாமல் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வேலை. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பத்து விநாடி சும்மா இருங்கள். இந்தப் பத்து விநாடி இருக்கிறதே, நம்மால் முடியாத தவம் அது! மாத்திரையும் பர்ஸும் சாவியும் தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இப்படிச் செய்து பருப்பும் கடுகும் வீடு வந்து சேர்ந்துவிட்டால், குறை மனசில் இல்லை, சில்லறையில்தான் இருந்தது என்று நிரூபணமாகிவிட்டது.

அப்படியும் வரவில்லையா? உடனே 'திமிர்' என்று போய்விடாதீர்கள். எதிலும் ஆசை எழாமல் போவதும் இந்த வியாதியின் ஒரு பகுதி. மன அழுத்தமாக இருக்கலாம், மாத்திரை அளவு கூடியிருக்கலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள் இவை. எல்லாம் பார்த்தும் அவன், 'எனக்கு இந்த வேலை பிடிக்கல, செய்ய மாட்டேன்' என்கிறானா? அருமை! அது அவன் உரிமை. உங்கள் இன்னொரு பிள்ளை தினமும் அதைத்தானே சொல்கிறான்? அவனோடு சண்டை போடுகிற மாதிரி இவனோடும் போடுங்கள். 'முடியல' என்பதற்கு வழி செய்து கொடுத்த பிறகுதான், ஒருவருடைய 'மாட்டேன்' நம் காதில் விழும். அதுவரை இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

அந்த 2017 சட்டமும் இதே வழியில்தான் போகிறது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவரால் முடிவெடுக்க முடியாது என்று சொல்லக் கூடாது என்கிறது. சிகிச்சை பற்றிய விவரத்தை அவருக்குப் புரிகிற பாஷையில், படமோ சைகையோ காட்டியாவது விளக்கச் சொல்கிறது. 'எனக்கு உடம்பு மோசமாகும்போது இப்படிச் செய்யுங்கள், இப்படிச் செய்யாதீர்கள்' என்று நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்கவும் உரிமை தருகிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மனநோயைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. இதற்கான சான்றிதழுக்கு ஸ்கேன் எடுப்பதில்லை. தன்னைக் கவனித்துக்கொள்வது, உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நாலு கேள்விகளை வைத்துத்தான் அளக்கிறார்கள். 40 சதவிகிதமோ அதற்கு மேலோ வந்தால் சலுகைகள் உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பிள்ளைகளின் வீட்டுக்கு இது தெரியும்?

இந்தச் சில்லறைப் பஞ்சத்துக்கு மருந்து இல்லையா என்றால், இன்றுவரை நிச்சயமான மாத்திரை இல்லை. ரொம்ப எதிர்பார்த்த ஒரு மருந்தும் 2025-ல் கடைசிக் கட்டப் பரிசோதனையில் தோற்றுவிட்டது. பயிற்சி இருக்கிறது. கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, கூடவே நிஜ வேலையையும் கொடுத்தால் பலன் தெரிகிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' போன்ற அமைப்புகள், மாத்திரையோடு நிற்காமல் மறுவாழ்வு என்று பேசியது இதனால்தான். ஆனால் மேல்மலையனூரிலிருந்து சென்னை ரொம்பத் தூரம். இங்கே கிடைக்கிற சிகிச்சை, அம்மா எழுதித் தரும் அந்தச் சீட்டுதான்.

இன்னொன்று கேட்பீர்கள். "இவ்வளவு மெனக்கெட்டு அவன் வாங்கி வரப்போறது அரைக் கிலோ பருப்பு. நானே போயிட்டு வந்துடலாமே?"

கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி. பி.காம். மூளையும் அதைத்தான் சொல்லும். செலவு அதிகம், வரவு குறைவு. ஜான் நாஷ் என்ற கணித மேதையை நினைத்துப் பாருங்கள். 1959 வாக்கில் அவருக்கு இந்த நோய் வந்தது. விவாகரத்தான மனைவி அலிசியாவே 1970-ல் தன் வீட்டில் இடம் கொடுத்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவரை வளாகத்தில் பல வருடங்கள் சும்மா நடமாட விட்டது. 1994-ல் நோபல் பரிசு வாங்கினார். நம் பீகாரின் வசிஷ்ட நாராயண் சிங், 1969-ல் கலிஃபோர்னியாவில் டாக்டர் பட்டம் வாங்கிய கணிதக்காரர். அதே நோய். வருடக்கணக்கில் காணாமலே போய், கந்தலாகக் கண்டெடுக்கப்பட்டார். 2019-ல் இறந்த பிறகு பத்மஸ்ரீ வந்தது.

ஆனால் நாஷ் கதையை நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. 'காத்திருந்தால் நோபல் கிடைக்கும்' என்பதற்காகக் காத்திருந்தால் அது முதலீடு. திண்ணையில் இருக்கிற பையனுக்கு நோபல் வராது. அவன் அரைக் கிலோ பருப்பு வாங்கி வருவான். அன்றைக்கு அவன் முகத்தில் ஒரு நிமிர்வு தெரியும். அவ்வளவுதான் வரவு. அது போதும் என்று நினைக்கிறவர்களால்தான் இந்த வீடு நடக்கும். பெரும்பாலும் அது அம்மாதான். 'எனக்குப் பின்னால இவனுக்கு யாரு?' என்று ராத்திரி தூங்காமல் கிடப்பவளும் அவள்தான். அவன் தானாகக் கடைக்குப் போய்வரப் பழகுவது, அந்தக் கேள்விக்கு அவள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிற பதில்.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சில வாரங்களில் அவர்களின் நோய்க்குறிகள் சுமார் 20 சதவிகிதம் குறைந்திருந்தன. மிரட்டாத, ஆதரவான இடமாக அது இருந்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். சாமி கும்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். கூடவே அந்த மிரட்டாத இடத்தை வீட்டிலும் உண்டாக்குங்கள்.

அதற்கு மேல்மலையனூர் ஸ்தல புராணமே வழி சொல்கிறது. பிரம்மனின் தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. பித்துப் பிடித்தவராகத் தெருத் தெருவாக அலைந்தார். பிச்சை போட்டதையெல்லாம் அவர் வாய்க்குப் போகும் முன் கபாலமே தின்றுவிட்டது. பார்த்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? 'இத்தனை பேர் போடறாங்க, இவனுக்குத் தின்னத் தெரியல!'

அங்காளம்மன் அதைச் சொல்லவில்லை. ஒழுங்காகச் சாப்பிடு என்று அவரை அதட்டவும் இல்லை. பரிமாறுகிற விதத்தை மாற்றினாள். இரண்டு கவளத்தைக் கபாலத்தில் போட்டு, மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கியது. மாசி மாத மயானக் கொள்ளையில் சுண்டலும் கொழுக்கட்டையும் வாரி இறைப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான் அது.

நம் பையன் கையில் ஒட்டியிருப்பது அம்மன் கதையில் மாதிரி ஒரேயடியாக இறங்காமல் போகலாம். அது தின்றது போக மிச்சத்தில்தான் அவன் வாழ வேண்டியிருக்கிறது. பரிமாறுகிற விதத்தை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. நாளைக் காலையில் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, ரேஷன் வரிசையிலோ ஒருவர் பதில் சொல்லத் திணறினால், அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பத்து விநாடி பொறுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டாலும் சரி.